போஜலி கொடுத்த பட்டுப்புடவை

1

இந்தக் கதை எனக்கு வேலியில் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கும் கேஜாவின் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலி. இரண்டு வீட்டுத் துணியும் அதில்தான் காயும். கேஜாவின் மகள் கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு புதுப் புடவை அதில் தொங்கியது. பச்சை உடல், மஞ்சள் கரை. நைலான் கலந்த துணி. பிழியும்போதே பாதி உலர்ந்துவிடுகிற சாதி. என் தாவணியை எடுக்கும்போது அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்து மறுபடி போட்டேன். ஆகவே அந்தப் புடவையைப் பற்றி நான் உறுதியாகச் சாட்சி சொல்ல முடியும்.

கொஞ்ச நாள் கழித்து, அதே வேலிக்கு அந்தப் பக்கத்தில், கேஜா ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்:

"பட்டுப்புடவை சார்! கோசாப் பட்டு! என் போஜலி கொடுத்தா!"

கோசா என்றால் எங்கள் பக்கத்துக் காட்டுப்பட்டு, விலை உயர்ந்தது. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. அவர் வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். அந்தப் புரியாமையால் ஒரு பெண் ஜெயிலுக்குப் போகக்கூடும். கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் முழித்தது.

(கேஜாவை நேரில் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். கதையில் பெரியம்மா என்று எழுதிப் பார்த்தேன். அவள் செய்வதெல்லாம் சரி என்று தானாகவே ஆகிவிடுகிறது. அதனால் பெயர்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்ததையும் அப்படியே விடுகிறேன்.

முதல் தொடக்கம்: "வற்புறுத்தியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ ஒருவரை மதம் மாற்றுவது குற்றம் என்று சொல்லும் சட்டம் எங்கள் மாநிலத்தில் வெகுகாலமாக இருக்கிறது. அது போதாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஒரு சாராரும், இருப்பதே அதிகம் என்று இன்னொரு சாராரும்…"

இது செய்தித்தாள். சாரார் என்றால் யார்? எனக்குத் தெரிந்த இரண்டு சாராரும் இந்துக்கள். ஒரே அம்மா பெற்றவர்கள். ஒரே சட்டிச் சோறு தின்கிறவர்கள். கேஜாவின் கணவன் மன்ராக்கனும் அவன் தம்பி தோமனும்.

இரண்டாம் தொடக்கம்: "மழைக்காலக் குளத்தின் பச்சை நீரில் கோதுமை நாற்றுகள் மிதந்து போக, இரண்டு சிறுமிகள் இடுப்பளவுத் தண்ணீரில்…"

அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் தொந்தரவு. படிக்கிறவர்கள் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஆனாலும் அந்தக் குளம் இல்லாமல் முடியாது. ஆகவே சுருக்கமாக: மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கூடையில் கோதுமை விதைத்து இருட்டறையில் வைத்து மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் படாமல் வெளிர் மஞ்சளாக முளைக்கிற அந்த நாற்றுக்குப் போஜலி என்று பெயர். குளத்தில் விடுகிற அன்று இரண்டு பிள்ளைகள் ஒருத்தி காதில் ஒருத்தி ஒரு கொத்துச் செருகிக்கொண்டால், அன்றிலிருந்து அவர்களும் ஒருவருக்கொருவர் போஜலி. சாகும்வரை. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பார்த்தால் "சீதாராம், போஜலி" என்று சொல்ல வேண்டும். சாதி பார்ப்பதில்லை. கல்யாணம், சாவு, பண்டிகை எல்லாவற்றுக்கும் சீர் செய்ய வேண்டும்.

கேஜா எண்ணெய் ஆட்டுகிறவர்கள் வீட்டுப் பெண். அவள் போஜலி ஊர்க் கோடியில் தறி நெய்து மேளம் அடிக்கிறவர்கள் வீட்டுப் பெண், நாலு வருஷம் முன்பு கிறிஸ்தவள் ஆனவள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதை கேஜாவின் தோளை ஒட்டியே நடக்கப்போகிறது. கேஜா வாயில் வராத பெயரை நான் எப்படி எழுதுவேன்?

மூன்றாம் தொடக்கம், நான் வைத்துக்கொண்டது:

3

இன்ஸ்பெக்டர் வந்தபோது கேஜா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தோமன்தான் கூட்டி வந்தான். கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டான். கேஜா முந்தானையைத் தலைக்கு இழுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை அந்தம்மா வீட்டு ஜெபத்துக்கு நீங்க போனீங்களா?"

"போனேன் சார். தோள்ல வலி. போஜலி கூப்பிட்டா. போஜலி கூப்பிட்டா போகாம இருப்பாங்களா?"

"என்ன பண்ணாங்க?"

"நாலு பொம்பளைங்க கை வச்சு ஜெபம் பண்ணாங்க. பொரியும் வெல்லமும் கொடுத்தாங்க."

"தோள் சரியாச்சா?"

"எங்க சார்! ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் கேக்கல, அதுக்கும் கேக்கல. சாமிக்கே பிடி கொடுக்காத வலி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர் என்றே எழுதுகிறேன். பிறகு குரலைத் தணித்து, ஒரு கஷ்டமான விஷயத்தைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்:

"அவங்க உங்களுக்கு எதாச்சும் கொடுத்தாங்களா?"

அவர் கேட்டது என்ன, கேஜாவின் காதில் விழுந்தது என்ன?

அந்நிய ஆம்பிளை, அதுவும் அதிகாரி, கொழுந்தன் முன்னால் கேட்கிறார்: உன் போஜலி உனக்கு ஏதாவது செய்திருக்கிறாளா? கேஜாவுக்குச் சுருக்கென்றது. கோடித்தெருக்காரி, புருஷன் இல்லாதவள், அவள் என்னத்தைச் செய்திருக்கப்போகிறாள் என்று நினைக்கிறாரா இந்த மனிதர்? பூண்டை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதாச்சுமா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! என் பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை சார்! கோசாப் பட்டு! என் போஜலி கொடுத்தா! மூட்டை அரிசி! வெண்கலத்துல ஒரு செட்டு! சபையில அத்தனை பேர் பார்க்க வச்சா. எங்க அண்ணன்மாருங்க கூட அப்படிச் செய்யல."

வைத்தது: நைலான் புடவை ஒன்று. ஒரு கூடை அரிசி. வெண்கலச் சொம்பு ஒன்று. சின்னது.

ஆனால் போஜலி செய்த சீரை உள்ளபடி சொல்வது எங்கள் பக்கத்தில் அவமானம். ஒன்று கொடுத்தால் மூன்று என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்களும் மூன்று என்றால் ஒன்று என்று தாங்களாகவே கழித்துக்கொள்வார்கள். இது பொய்யில் சேராது. விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி போடுவது மாதிரி. குறைத்துச் சொன்னால்தான் குற்றம். சபையில் குறைத்துச் சொன்ன அன்றைக்குப் போஜலி அறுந்துபோகும் என்பார்கள்.

இன்ஸ்பெக்டருக்குக் கழிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

4

தோமனைப் பற்றி.

முதலில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். "தோமன் தன் மீசையைத் தடவியபடி வெற்றிச் சிரிப்பு…" அடித்துவிட்டேன். அவனுக்கு மீசையே சரியாக முளைக்காது. அதோடு, போன வருஷம் போஜலியின் அம்மாவைப் பாம்பு கடித்தபோது தன் டிராக்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவன் அவன்தான். வழியெல்லாம் அந்தக் கிழவியைத் தூங்கவிடாமல் திட்டிக்கொண்டே போனானாம். கெட்டவன் அப்படிச் செய்வானா என்று யோசித்தேன். செய்யலாம். ஆனால் எழுதுவது கஷ்டம்.

அவன் பயம் உண்மையானது. பக்கத்து ஊரில் ஒருவன் மனைவியிடம், ஜெபம் போதும், மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொன்னார்கள்; அவள் செத்துப்போனாள். தோமன் அந்தப் பாடையைத் தூக்கினான். அதற்குப் பிறகுதான் அவன் மதமாற்றத்தை எதிர்க்கிற சங்கத்தில் சேர்ந்தான். போஜலி யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. ஆனால் தோமனுக்கு எல்லா ஜெபமும் அந்த வீட்டு ஜெபமாகவே கேட்கிறது.

(நீங்கள் அவனைத் திட்ட நினைத்தால் திட்டிக்கொள்ளுங்கள். நான் அவன் டிராக்டரில் ஏறிச் சந்தைக்குப் போகிறவள். நிதானமாகத்தான் எழுத முடியும்.)

5

போலீஸ் போஜலியைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு வாரம் உள்ளே வைத்து ஜாமீனில் விட்டார்கள். வழக்கு முடியும்வரை சாட்சிகளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் தன் அம்மாவோடு வெளியூருக்குப் போய்விட்டாள்.

கேஜாவுக்குக் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. தோமன் வாசித்தான். கேஜா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"…கோசாப் பட்டுப்புடவை, மூட்டை அரிசி, வெண்கலப் பாத்திரங்கள் ஆகியவற்றைக் கொடுத்து…"

அவள் முகம் மலர்ந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன். சர்க்கார் காகிதத்தில் தன் போஜலியின் சீர் ஏறிவிட்டது என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டாள்.

"…மதம் மாற ஆசை காட்டியதாக…"

கரண்டி நின்றது.

"யாரு யாருக்கு ஆசை காட்டினா?"

"அதான் அண்ணி, உங்க போஜலி, உங்களுக்கு."

"நான் எங்கப்பா மாறினேன்? நேத்துகூட சீதளா அம்மன் கோவில்ல விளக்குப் போட்டேனே!"

"மாறணும்னு இல்ல. மாத்தப் பார்த்தாலே போதும். அதுக்குத்தான் சட்டம்."

மன்ராக்கன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் பேசுவது குறைவு. பேசினால் சோறு ஆறிப்போகும்.

"ஏன்டா, அப்பா அந்தக் குருகிட்டப் போயி கழுத்துல துளசிமணிக் கண்டி கட்டிக்கிட்டாரே. கறியை விட்டாரு. அம்மன் பண்டிகைக்கு வீட்டுல விளக்கேத்தக் கூடாதுன்னாரு. அம்மா ஒரு வருஷம் அழுதா. நாம யாரு போலீஸுக்குப் போனோம்?"

"அது வேற அண்ணா. அது நம்ம வீட்டுல இந்த அறையிலேருந்து அந்த அறைக்குப் போறது. இது வீட்டை விட்டே போறது."

"அறையோ தெருவோ, அம்மா அழுதது நிஜமான அழுகைடா."

"சரி, விட்டுடு. எல்லாரும் போகட்டும். இன்னிக்கு உன் பொண்டாட்டியோட போஜலி போனா. அவ பொண்ணு கோதுமை விதைக்கிறாளா? விதைக்கல. இன்னும் இருபது வருஷத்துல இந்த ஊர்ல போஜலி விதைக்க யாரு இருப்பா? அப்ப சொல்லு, சட்டம் வேணாம்னு."

மன்ராக்கன் தட்டுக்குத் திரும்பினான். வேலிக்கு இந்தப் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் முறத்தை நிறுத்திவிட்டேன். தோமன் சொன்னது உண்மை. போஜலி அழியாமல் இருக்க ஒரு போஜலியை ஜெயிலில் போட வேண்டும் என்று அவன் சொல்கிறான். இதில் எங்கே தவறு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது.

கேஜாதான் கேட்டாள்.

"தம்பி, அவரு எழுதும்போது நீயும் இங்கதானே நின்னே? அது கோசா இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

தோமன் தட்டில் கையை உதறினான். "என்ன அண்ணி நீங்க! அண்ணியோட போஜலி வச்ச சீரை, வெளியாளு முன்னாடி நான் குறைச்சுச் சொல்றதா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

மன்ராக்கனுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். சிரித்தானா இருமினானா என்று வேலி வழியாகத் தெரியவில்லை.

6

இங்கே நான் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். போஜலி ஏன் மாறினாள்?

காரணம் ஒன்று எழுதினேன்: "கணவன் இறந்த துயரத்தில்…" அடித்தேன். துயரப்பட்டவர்கள் எல்லாரும் மாறினால் எங்கள் தெருவில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

அவளே சொன்ன காரணம் இருக்கிறது. நாலு வருஷம் முன்பு, ஞானஸ்நானத்துக்கு அவள் ஆற்றில் முழுகி எழுந்த மறுநாள், இரண்டு பேரும் குளக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்துக் கல்லில் இருந்தேன். (நான் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. அது எனக்கு வசதி.)

"சீதாராம், போஜலி" என்றாள் கேஜா, வேண்டுமென்றே உரக்க.

"போஜலி" என்றாள் மற்றவள். முன்பாதி வரவில்லை. சிரித்தாள்.

"சீதாராமை ஆத்துல விட்டுட்டியா?"

"திட்டாத. வாயில வரமாட்டேங்குது. வந்தா சொல்றேன்."

"என்னத்தைக் கொடுத்தாங்க உனக்கு? அரிசியா? பள்ளிக்கூடத்துல இடமா? சொல்லுடி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"ஒண்ணும் கொடுக்கல. பாயில உட்காரச் சொன்னாங்க."

"பாயா?"

"பெரிய பாய். எல்லாரும் அதுலதான். நான் போயி உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்தவ நகரல, போஜலி."

கேஜா துணியை ஓங்கி அடித்தாள். "நான் நகர்ந்தேனா? எந்த நாளாச்சும் நான் நகர்ந்தேனா?"

"நீ நகரல."

மற்றவள் துணியைப் பிழிய ஆரம்பித்தாள். கேஜா வீட்டில் அவளுக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளர் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவளே கழுவி அவளே செருக வேண்டும். கேஜா அதை வைக்கவில்லை. அவள் மாமியார் வைத்தது. கேஜா எடுக்கவும் இல்லை. இதை நான் இங்கே எழுதினால் கேஜாவைக் குற்றவாளி ஆக்குகிறேனா? சும்மா தம்ளர் இருந்த இடத்தைச் சொல்கிறேன்.

சட்டத்தில் ஆசை காட்டுவது என்றால் பணமாகவோ பொருளாகவோ கொடுப்பது என்று தோமன் சொன்னான். பாய் பொருள்தான். ஆனால் அதை அவளிடம் கொடுக்கவில்லை, அவள் அதில் உட்கார்ந்தாள். நகராமல் இருந்தது பொருளா? எந்தக் கோர்ட்டில் போய் இதைக் கேட்பது?

7

இனி வருவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். எழுதினால் கதை திசை மாறிவிடும். ஆனால் கேஜாவே இதைத் தன் வாயால் சொல்லிவிட்டாள்.

அழைப்பு வந்த மறுநாள். தோமன் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கேஜா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். புடவை கொடுத்து மதம் மாத்தினா ஜெயில். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப என்னையும் பிடிச்சுக் கொடு."

"காலையிலயே ஆரம்பிக்காதீங்க அண்ணி."

"கேளு. அவ ஆத்துல முழுகினாளே, அதுக்கு அடுத்த நவராத்திரி. என் கல்யாணக் கோசாப் புடவை இருந்துச்சே, பழுப்புக் கலர், எங்கப்பா ஒரு வருஷக் கடுகை வித்து வாங்கினது. அதை எடுத்துக்கிட்டுப் போயி அவ மடியில வச்சேன். வளையலும் தேங்காயும் வச்சேன். இதைக் கட்டிக்கிட்டு அம்மன் விளக்குக்கு வா, எல்லாத்தையும் விட்டுட்டுப் பழையபடி வந்துடுன்னு அழுதேன். போஜலி கொடுத்ததை வேணாம்னு சொல்லக் கூடாதுல்ல? வாங்கிக்கிட்டா. ஆனா விளக்குக்கு வரல."

தோமன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அது வேற அண்ணி. அது வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடறது. தாய்மதத்துக்குத் திரும்பறது சட்டத்துல கணக்கே இல்ல."

"நான் ஆசை காட்டித்தான் கொடுத்தேன். மனசுல அதுதான் இருந்துச்சு. அவ கொடுத்தப்ப என் பொண்ணு கல்யாணம் மட்டும்தான் இருந்துச்சு. மதத்துக்காகப் புடவை கொடுத்தவ நான் ஒருத்திதான் இந்த ஊர்ல."

"அண்ணி, அதைப் போயி கோர்ட்டுல சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

"ஏன், சொன்னா என்ன?"

"சிரிப்பாங்க."

கேஜா யோசித்தாள். சிரித்தால் பரவாயில்லையா என்று யோசித்தாள் என்று நான் எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். கோசா என்று அவள் வாயில் அன்றைக்கு ஏன் அவ்வளவு சட்டென்று வந்தது என்பது மட்டும் எனக்கு இப்போது தெரிந்தது. அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்ன புடவை, தான் கொடுத்த புடவை.

8

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சொல்லித் தந்தார்கள். முடிவுரை வருவதற்குள் நான் படிப்பை நிறுத்திவிட்டேன். ஆகவே கீழே வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு. கேஜா கூண்டில் ஏறுகிறாள். சர்க்கார் வக்கீல் கேட்கிறார். "கோசாப் பட்டு, ஐயா" என்கிறாள், முன்பு சொன்னது போலவே. சீர் குறையவில்லை. போஜலி தலை நிமிர்ந்து நிற்கிறாள். பிறகு ஜெயிலுக்குப் போகிறாள். [மானம் மிஞ்சுகிறது, ஆள் மிஞ்சவில்லை.]

இரண்டாம் முடிவு. "நைலான் புடவைதான் ஐயா. ஒரு கூடை அரிசி. சின்னச் சொம்பு. நான் பெருமைக்குச் சொன்னேன்." வழக்கு உடைகிறது. போஜலியின் வக்கீல் குதித்து எழுந்து, அந்தப் புடவையை எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, இந்தக் கந்தலுக்கா ஒருத்தி மதம் மாறுவாள் என்று கேட்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் நிற்கிறாள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் புடவைக்குக் காசு சேர்த்தவள். இனி அவளைச் சபையில் பார்க்கிற எவரும் அந்தச் சிரிப்பைச் சிரிக்கலாம். [ஆள் மிஞ்சுகிறாள். போஜலி அறுந்துபோகிறது. அறுத்தது எண்ணெய்க்காரர் வீட்டுக்காரி, அறுபட்டது கோடித்தெருக்காரி. அப்படித்தான் ஊர் பேசும்.]

மூன்றாம் முடிவு. கேஜா தான் கொடுத்த புடவையைப் பற்றிச் சொல்லி, "ஐயா, ஆசை காட்டியது நான்தான்" என்கிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். எல்லாரும் வாயடைத்து… [இது சினிமா. இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது, அதனால்தான் நம்பவில்லை. உண்மையில் நீதிபதி "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்பார். அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.]

நான்காம் முடிவு ஒன்று இருக்கும் என்று முழு மத்தியானமும் உட்கார்ந்து பார்த்தேன். சீரை உள்ளபடி சொல்லவும் வேண்டும், அது குறைவாகவும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு வாக்கியம் இருந்தால் போதும். கேஜா போன்ற ஒருத்தி வாயில் இயல்பாக வரக்கூடிய வாக்கியம். இருபது தடவை எழுதினேன். "புடவை நைலான்தான் ஐயா, ஆனால் கொடுத்த மனசு…" சீ. வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது. "எனக்கு அது பட்டுதான் ஐயா…" நீதிபதி, எது, நைலானா பட்டா, ஒன்றைச் சொல்லுங்கள் என்பார்.

9

நாளைக்குத்தான் கோர்ட்டு. ஆகவே உண்மையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இன்னும் நடக்கவில்லை.

சாயங்காலம் கேஜா வேலிக்கு வந்தாள். துணி எடுக்க அல்ல. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ குட்டி."

"ம்."

"ரெண்டு வக்கீலும் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் ஏத்திச் சொல்லுங்கறான், ஒருத்தன் இறக்கிச் சொல்லுங்கறான். உங்க பெரியப்பா, உன் இஷ்டம்னு சொல்லிட்டுக் குப்புறப் படுத்துக்கிட்டாரு. தோமன் ரெண்டு நாளா எங்கூடப் பேசல, ஆனா நாளைக்கு டிராக்டர்ல கூட்டிட்டுப் போறானாம்."

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீதான் எப்பவும் எதையோ கிறுக்கிக்கிட்டே இருக்கியே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? சொல்லு. நான் என்ன சொல்லட்டும்?"

என் காது சூடேறிவிட்டது. எல்லா முடிவுகளும் நாக்கு நுனியில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்றாள். கோபமாக இல்லை. "அவளும் அங்க இருப்பாள்ல? எதிர்லயே நிப்பா. நான் சொல்றது அவ காதுல விழும்ல?"

தலையாட்டினேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் கேட்டுவிடுகிறேன். முகம் தெரியாதவர்களிடம் எனக்குக் கூச்சம் இல்லை.

உங்களுக்கும் யாராவது ஏதாவது கொடுத்திருப்பார்கள். விலை குறைந்த ஒன்று. அது என்ன? அதை எதற்காகக் கொடுத்தார்கள்? கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுத்தவர் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள். காலையில் டிராக்டர் கிளம்புவதற்குள் கேஜாவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன்.